சதவீதம் குறைத்துத் தரப்படும்

"அம்மா, உங்க ஆய்வேட்டை மெஷின் எழுதியிருக்குன்னு மெஷின் சொல்லுது."

என் நெறியாளர் இதைச் சொன்னபோது நான் துறை வராந்தாவில் குழாயடியில் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் வழிந்து புடவை நனைந்த பிறகுதான் குழாயை மூடினேன். முதலில் சிரிப்புதான் வந்தது. யாரோ கோள் சொல்லியிருக்கிறார்கள் என்றால் அது யார் என்றாவது கேட்கலாம். இது ஒரு மெஷின் இன்னொரு மெஷின்மேல் சொன்ன கோள். நடுவில் நான் எங்கே வந்தேன்?

நான் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். வீடு ஸ்ரீரங்கத்தில். பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்திக் கல்யாணம் செய்து வைத்துவிட்டார்கள். அதற்கப்புறம் படித்ததெல்லாம் நானாகப் படித்தது. நூலகத்தில் எடுத்தது, பஸ் ஸ்டாண்டில் வாங்கியது, பொட்டலம் கட்டி வந்த காகிதத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு வாசித்தது. பிள்ளைகள் வேலைக்குப் போன பிறகு அஞ்சல் வழியில் பி.ஏ. முடித்தேன். அதோடு ஆசை அடங்கவில்லை. திருச்சியில் ஒரு கல்லூரியில் பிற்பகல் வகுப்பில் எம்.ஏ. தமிழ் சேர்ந்தேன். கூடப் படிப்பவர்கள் எல்லாம் என் பெண் வயது. முதல் வாரம் 'ஆன்ட்டி' என்றார்கள். நான் முறைத்த முறைப்பில் அடுத்த வாரம் 'அக்கா' ஆனேன்.

ஏஜெண்ட் வேலை என்பது பாதி பஸ், பாதி பேச்சு. காலையில் உறையூரில் ஒரு வீடு, பிறகு துவாக்குடியில் ஒரு பட்டறை, இடையில் எல்லாம் டவுன் பஸ். ஜனங்கள் பேசுவதைக் கேட்பதில் எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. நல்ல வரி ஒன்று காதில் விழுந்தால் இறங்க வேண்டிய ஸ்டாப்பை விட்டுவிட்டு அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வந்திருக்கிறேன். ஆகவே கடைசிப் பருவத்தில் ஆய்வேடு எழுதச் சொன்னபோது தலைப்புக்கு நான் அலையவில்லை. டவுன் பஸ் கண்டக்டர்களின் பேச்சு. கூட்டத்தைச் சமாளிக்க அவர்கள் கையாளும் கிண்டல், கெஞ்சல், அதட்டல், எல்லாம்.

அதை எழுதிய விதத்தையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் வம்பு அங்கிருந்துதான் தொடங்கியது. எனக்கு உட்கார்ந்து தட்டச்சு செய்து பழக்கமில்லை. போனில் பேசினால் அது எழுத்தாகும் வசதி இருக்கிறதே, அதுதான் எனக்குப் பேனா. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனைப் பார்த்துப் பேசிக்கொண்டே வருவேன். பக்கத்து சீட்டில் இருப்பவர்கள் நான் புருஷனோடு சண்டை போடுவதாக நினைத்துக் கௌரவமாக வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். எழுத்தாகி வந்ததை வீட்டில் வரி வரியாகத் திருத்துவேன். போன் தப்பாகக் கேட்டிருக்கும், நானும் தப்பாகச் சொல்லியிருப்பேன். ஒரு இயல் முழுதும் திருந்திய பிறகு அப்படியே எடுத்துக் கம்ப்யூட்டர் கோப்பில் ஒட்டுவேன்.

நெறியாளர் சொன்ன காரணங்கள் இரண்டு. ஒன்று, கோப்பில் ஒவ்வோர் இயலும் மொத்தமாக ஒரே நேரத்தில் வந்து விழுந்திருக்கிறது, தட்டச்சு செய்த தடமே இல்லை. இரண்டு, வாக்கியங்கள் ஒரே சீராக, பிழையில்லாமல் இருக்கின்றன. இதை வைத்து, முக்கால்வாசிக்கு மேல் செயற்கை நுண்ணறிவு எழுதியது என்று அந்த மென்பொருள் அறிக்கை கொடுத்திருக்கிறது. பஸ்ஸில் போனைப் பார்த்துப் பேசிய கதையை நான் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார். "அதையும் ஒரு மெஷின்கிட்டதானே பேசியிருக்கீங்க" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. பிழையில்லாமல் எழுதத்தான் இத்தனை வருஷம் ஒருத்தர் துணையில்லாமல் மல்லுக்கட்டினேன். ஒரு வாக்கியம் எங்கே முடிய வேண்டும் என்பதைப் பொட்டலக் காகிதத்தில் பார்த்துக் கற்றுக்கொண்டவள் நான். அது இப்போது என்மேலேயே குற்றமாகத் திரும்பி நிற்கிறது. சுத்தமாக எழுதினால் மெஷின், தப்பும் தவறுமாக எழுதினால் மனுஷி. இது என்ன நியாயம்?

"சரி சார், என்னைக் கேளுங்க. எந்தப் பக்கத்துல இருந்து வேணாலும் கேளுங்க. இப்பவே கேளுங்க" என்றேன்.

அவர் கேட்கவில்லை. கேட்பதற்கு அவருக்கு அதிகாரம் இல்லையாம். ஆய்வேட்டைப் பற்றிக் கேட்கும் இடம் வைவா என்கிற வாய்மொழித் தேர்வு. ஆனால் சதவீதம் வரம்பைத் தாண்டிய ஆய்வேட்டுக்கு வைவா கிடையாது என்று இந்த வருஷம் விதி வந்திருக்கிறது. வைவா இல்லையென்றால் பருவம் போச்சு, அதோடு ஒரு வருஷமும் போச்சு. இதை அவர் வருத்தத்தோடுதான் சொன்னார். நல்ல பிள்ளை. வருஷா வருஷம் வேலை நீட்டிப்பு வருமா என்று காத்திருக்கும் தொகுப்பூதிய ஆசிரியர். துறைத்தலைவர் அறை வாசலைத் தாண்டும்போது அவருக்கு நடை மாறிவிடும்.

பிறகு குரலைத் தாழ்த்தி, சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு கடை இருக்கிறது, எல்லாரும் அங்கேதான் கொடுக்கிறார்கள் என்றார். "சதவீதம் குறைச்சுக் கொடுப்பாங்கம்மா. ரெண்டு நாள்ல முடிஞ்சிடும். நான் சொன்னதா சொல்ல வேண்டாம்."

ஜெராக்ஸ் கடைதான் அது. ஒரு காலத்தில் வாசலில் 'ஸ்பைரல் பைண்டிங், லேமினேஷன்' என்று எழுதியிருந்த பலகையில் இப்போது புது வரி ஒன்று சேர்ந்திருக்கிறது: 'சதவீதம் குறைத்துத் தரப்படும்.' எடை குறைத்துத் தரப்படும் என்பது மாதிரி. உள்ளே என் வகுப்புப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். ஜீயபுரத்திலிருந்து வருகிறவள். காலையில் சின்னக்கடை வீதியில் ஒரு ஜவுளிக் கடையில் நின்று புடவை எடுத்துப் போடுகிற வேலை, பிற்பகல் வகுப்பு. என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைக் கொடுத்தாள்.

"நீங்களுமாக்கா?" என்றாள்.

அவள் கதை வேறு. வாழை சாகுபடியில் வழங்கும் சொற்கள் என்பது அவள் தலைப்பு. வீட்டில் வாழைத் தோட்டம் இருக்கிறது, சொல்லுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கடை, வகுப்பு, வீட்டு வேலை என்று உட்கார்ந்து எழுத நேரமில்லை. கடைசியில் போனில் மெஷினிடம் தலைப்பைக் கொடுத்து எழுதி வாங்கிவிட்டாள். அதை என்னிடம் மறைக்கவில்லை. வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான் என்றாள். சிலர் மெஷினிடமே, நடு நடுவில் கொஞ்சம் பிழை போட்டு எழுது என்று கேட்டு வாங்குகிறார்களாம். அவளுக்கு அந்த வித்தை தெரியாததால் கடைக்கு வந்திருக்கிறாள். நான் கோபப்படுவேன் என்று எதிர்பார்த்தாள் போலிருக்கிறது. எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. காலை முழுக்க நின்ற கால் அவளுடையது.

கடைக்காரத் தம்பி நல்ல பேச்சுக்காரர். "எல்லாருக்கும் ஒரே டாக்டர்தான்க்கா, நோய்தான் வேற வேற" என்று சிரித்துக்கொண்டே என் கோப்பை வாங்கி ஒரு மென்பொருளில் ஏற்றினார். அது என் வாக்கியங்களை உடைத்து வேறு விதமாகக் கோர்க்குமாம். கோர்த்த பிறகு சோதித்தால் மனிதர் எழுதியது என்று அறிக்கை வரும். அதாவது மெஷின் எழுதியதாகச் சந்தேகப்பட்டதை, மெஷினைக் கொண்டு நிஜமாகவே எழுத வைத்தால், மனிதர் எழுதியதாகிவிடும். இதை அவர் எனக்கு இரண்டு முறை விளக்கினார். இரண்டு முறையும் எனக்குப் புரிந்தது. புரிந்ததுதான் பிரச்சினை.

திரையில் வந்ததைப் படித்தேன். மாம்பழச்சாலை ஸ்டாப்பில் ஒரு கண்டக்டர் படியில் நின்ற பெண்களைப் பார்த்து, "உள்ள போங்கம்மா, வாசல்ல நின்னு யாரை வரவேற்கறீங்க, கல்யாண வீடா?" என்றதை நான் எழுதியிருந்தேன். அது இப்படி ஆகியிருந்தது: 'பயணிகள் நுழைவாயிலில் நிற்பதைத் தவிர்த்து உட்பகுதிக்குச் செல்லுமாறு நடத்துநர் கேட்டுக்கொண்டார்.' இன்னொருவர், ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டியவரிடம், "அண்ணே, இதுக்கு மீதி சில்லறை குடுக்கறதுக்கு, பஸ்ஸையே உங்க பேருக்கு எழுதிக் குடுத்துட்டு எறங்கிடறேன்" என்றிருந்தார். அது என்னவாயிற்று தெரியுமா? 'நடத்துநர் சில்லறைப் பற்றாக்குறையைத் தெரிவித்து, வாகனத்தின் உரிமையை மாற்றித் தருவதாக முன்மொழிந்தார்.'

முன்மொழிந்தாராம். அந்த மனிதர் இதைப் படித்தால் நிஜமாகவே பஸ்ஸை விட்டு இறங்கிப் போய்விடுவார்.

நானும் அந்தப் பெண்ணும் விழுந்து விழுந்து சிரித்தோம். கடைக்காரரும் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் அவர் அறிக்கையைக் காட்டினார். சதவீதம் பூஜ்யம். முழுக்க முழுக்க மனிதர் எழுதியது. நான் கேட்டு, பேசி, திருத்தி எழுதியது பொய். உயிரை எடுத்துவிட்டுப் பஞ்சடைத்து வைத்த இது நிஜம். கல்லூரிக்கு இதுதான் வேண்டும். கண்டக்டர்களின் வாயிலிருந்து வந்த பேச்சு ஒன்று கூட இதில் இல்லை. இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, அறிக்கை சுத்தமாக இருக்கிறதே.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் இரண்டையும் படித்துக் காட்டினேன். அவர் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என் படிப்பைப் பற்றிப் பெரிதாக வாயைத் திறக்கிறவர் இல்லை. எல்லாம் கேட்டுவிட்டு, "ஏம்மா, எங்க ஷாப்புல ஒரு பார்ட்டு சரியில்லேன்னு சந்தேகம் வந்தா தனியா எடுத்து வச்சுத் தட்டிப் பாப்போம். தட்டிப் பாக்கறதுக்கு ஆள் இல்லேன்னா அதுக்குப் பேரு பணிமனையே கிடையாது" என்றார். டி.வி.யைப் போட்டுவிட்டார். அதற்குமேல் அவரிடம் ஆறுதல் எதிர்பார்க்க முடியாது. ஆனால் அவர் சொன்னது என் தலைக்குள் வேறு ஒன்றைத் தட்டி எழுப்பிவிட்டது. என் தொழிலிலும் அதுதானே வழக்கம்?

மறுநாள் இரண்டு பிரதிகளையும் எடுத்துக்கொண்டு துறைத்தலைவர் அம்மாவின் அறைக்குப் போனேன். நெறியாளர் என் பின்னால் வந்தார், பாதித் தூரம் வரை. மீதித் தூரத்தில் அவருக்கு ஒரு போன் வந்துவிட்டது.

துறைத்தலைவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் என் கோபத்துக்கு வசதியாக இருந்திருக்கும். உட்காரச் சொன்னார். 'முன்மொழிந்தார்' என்ற வரியைக் காட்டியபோது சிரிப்பை அடக்க மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு விதியைச் சொன்னார். பிள்ளைகள் கற்றார்களா இல்லையா என்பதை உறுதி செய்ய வேண்டும் என்று மேலே கமிட்டி கேட்கிறது, இந்த மெஷின் காலத்தில் எப்படி உறுதி செய்கிறீர்கள் என்று கேட்கிறது, அதற்குத்தான் மென்பொருள் என்றார்.

"இது உறுதி செய்யறதா மேடம்? உள்ள என்ன இருக்குன்னு யாராவது படிச்சீங்களா?"

"எத்தனை ஆய்வேடும்மா படிக்க முடியும்? எனக்கு ஒரு நம்பர் வேணும். நாளைக்கு யாராவது கேட்டா காட்டறதுக்கு."

"காட்டறதுக்கு நம்பர் இருக்கு. எனக்குத் தெரியுமான்னு கேக்கறதுக்குத்தான் ஆள் இல்ல."

அவர் முகம் இறுகியது. நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஏஜெண்டுக்கு நிறுத்தத் தெரியாது, நிறுத்தினால் பாலிசி போய்விடும். என் தொழிலை வைத்தே பேசினேன். "எங்க தொழில்ல ஒருத்தர் உடம்பு மேல சந்தேகம் வந்தா டாக்டர்கிட்ட அனுப்புவோம் மேடம். நல்லா இருக்காருன்னு தெரிஞ்சவங்களைக் கூட விட்டுடுவோம், சந்தேகம் உள்ளவங்களை டாக்டர் பாத்தே ஆகணும். இங்க தலைகீழா இருக்கு. சந்தேகம் இல்லாதவங்களை டாக்டர் பாக்கறாரு. சந்தேகம் வந்தவங்க டாக்டர் ரூம் வாசல் பக்கமே வரக்கூடாதுங்கறீங்க."

அவர் மேஜை மேல் இருந்த பேப்பர் வெயிட்டைச் சுற்றிவிட்டு, அது நிற்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, நான் எழுதிய பிரதியையே வைத்து, என் சொந்தப் பொறுப்பில் வைவாவில் உட்காரலாம் என்றார். அதில் தேறாவிட்டால் திருத்தி மறுபடி கொடுக்கும் வாய்ப்பு கிடையாது, அடுத்த வருஷம் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கச் சொன்னார். வேறு யாருக்கும் இப்படி ஒரு நிபந்தனை இல்லை. கடையில் சதவீதம் குறைத்த யாரும் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. போட்டேன்.

வைவா அன்று வெளியூரிலிருந்து ஒரு தேர்வாளர் வந்திருந்தார். வைவா என்றால் எங்கள் பக்கத்தில் ஒரு கல்யாண ரிசப்ஷன் மாதிரி. பிள்ளைகள் நல்ல உடை போட்டுக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். உள்ளே போவார்கள், ஏன் இந்தத் தலைப்பு எடுத்தீர்கள் என்று கேட்பார்கள், பிறந்த ஊர் கேட்பார்கள், மிக்சர் தட்டு நடுவில் இருக்கும், வாழ்த்துச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். ஜீயபுரத்துப் பெண் உள்ளே போனதும் நான் கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். அதற்குள் அவள் வெளியே வந்து துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

என்னைக் கடைசியில் கூப்பிட்டார்கள். உள்ளே போனால் மிக்சர் தட்டை ஓரமாக நகர்த்தியிருந்தார்கள். தேர்வாளர் முன் என் ஆய்வேடு விரிந்து கிடந்தது, ஓரங்களில் பென்சில் குறிப்புகளோடு. இது சந்தேகக் கேஸ் என்று துறைத்தலைவர் காலையிலேயே அவரிடம் சொல்லியிருக்கிறார். அதனால் வந்த பொழுதிலிருந்து என்னுடையதை மட்டும் படித்திருக்கிறார். அத்தனை ஆய்வேட்டில் ஒருவர் உட்கார்ந்து வாசித்தது, திருட்டு என்று சந்தேகப்பட்ட ஒன்றைத்தான்.

அவர் வயதான மனிதர், வளைத்துப் பேசாதவர். எந்த பஸ்ஸில் எது கேட்டீர்கள், யாரிடம் சொன்னார்கள், கூட்டம் இருந்ததா, டிரைவர் சிரித்தாரா என்று கேட்டார். நான் சொல்லிக்கொண்டே போனேன். எனக்குள் இருந்த ஏஜெண்ட் விழித்துக்கொண்டாள். பெண்களுக்கு இலவச டிக்கெட் வந்த பிறகு ஒரு கண்டக்டர், "ஃப்ரீ டிக்கெட்டுன்னு தொலைச்சிடாதீங்கம்மா, செக்கிங் வந்தா எனக்குத்தான் திட்டு ஃப்ரீயா கெடைக்கும்" என்று சொல்வாரே, அதை அவரைப் போலவே சொல்லிக் காட்டினேன். துறைத்தலைவர் சிரித்தார். தேர்வாளர் சிரிக்கவில்லை.

"இந்தக் கல்யாண வீட்டு வரி. அந்தம்மா என்ன சொன்னாங்க?" என்றார்.

"எந்தம்மா சார்?"

"வாசல்ல நின்னவங்க. ஒண்ணுமே சொல்லலையா?"

சொல்லாமல் இருப்பாளா? சொன்னாள். படியில் நின்றவர்களில் ஒருத்தி பூக்கூடை வைத்திருந்தாள். "உள்ள பந்தியில எலை காலியாகட்டும், வரோம்" என்றாள். பஸ்ஸே சிரித்தது. இலவச டிக்கெட் கண்டக்டருக்கும் பதில் வந்தது. பின் சீட்டிலிருந்து ஒருத்தி, "டிக்கெட்டைக் குடுக்கும்போது மூஞ்சியையும் கொஞ்சம் ஃப்ரீயா வச்சுக்கிட்டுக் குடுங்க" என்றாள். எல்லாம் எனக்கு ஞாபகம் இருந்தது. ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"இது ஏன் உள்ள இல்ல?"

"வேடிக்கையா பேசறது கண்டக்டர்னு நெனச்சுட்டேன் சார்."

"ஒருத்தர் போன்ல பேசறதை இந்தப் பக்கம் இருந்து கேக்கற மாதிரி இருக்கு உங்க ஆய்வேடு. பாதிப் பேச்சுதான் இருக்கு" என்றார். பிறகு, இலவச டிக்கெட் வந்த பின் பெண்கள் திருப்பிப் பேசுவது மாறியிருக்கிறதா என்று கேட்டார். அதை நான் யோசித்ததே இல்லை. யோசித்ததில்லை என்று சொன்னேன். நான் வகுத்திருந்த பிரிவுகளில் ஒன்று நிற்காது என்று பென்சிலால் ஒரு கோடு போட்டார். நான் வாதாடிப் பார்த்தேன். தோற்றேன். அவர் சொன்னதுதான் சரி.

அவ்வளவு நேரமும் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. மட்டம் தட்டினால் யாராவது சந்தோஷப்படுவார்களா? நான் பட்டேன். என் முன்னால் ஒருவர் உட்கார்ந்து, நான் எழுதியதைப் படித்து, அதில் எது இல்லை என்று எனக்குக் காட்டினார். இத்தனை வருஷம் தனியாகப் படித்தவளுக்கு இதற்குத்தான் கல்லூரி. ஆனால் வெளியே வந்ததும் அந்தச் சந்தோஷம் அப்படியே கோபமாகத் திரும்பிவிட்டது. அந்தம்மா என்ன சொன்னாங்க என்ற கேள்விக்கு எந்த மென்பொருளும் வேண்டாம். பருவத் தொடக்கத்திலேயே, முதல் இயலைக் கொடுத்தபோதே, யாராவது ஒருவர் அதைக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் என் ஆய்வேடு வேறாக இருந்திருக்கும். அத்தனை மாதமும் என் எழுத்தில் மெஷின் எவ்வளவு இருக்கிறது என்று அளந்தார்களே தவிர, எழுத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கவே இல்லை.

வராந்தாவில் நின்ற நெறியாளரிடம் இதைச் சொல்லிவிட்டேன். "சார், நீங்க இதைப் படிச்சீங்களா? சும்மா சொல்லுங்க." அவர் தரையைப் பார்த்தார். "ரிப்போர்ட் பாத்தேம்மா" என்றார். அவர் கையில் இருபதுக்கு மேற்பட்ட பிள்ளைகள், மூன்று வகுப்புகள். என்னால் அதற்கு மேல் அவரிடம் சண்டை போட முடியவில்லை. சண்டை போட வேண்டியவர்கள் அந்த வராந்தாவில் இல்லை.

தேறிவிட்டேன். மதிப்பெண் சுமார்தான். பெண்களின் பதில்களைத் தனி இயலாகச் சேர்த்த பிறகே பிரதியை பைண்டிங் செய்யட்டும் என்று தேர்வாளர் எழுதியிருந்தார். அது நியாயம். வருஷம் போகவில்லை என்பதே பெரிய நிம்மதி.

வாசலில் பட்டியல் ஒட்டியபோது ஜீயபுரத்துப் பெண்ணுக்கு என்னைவிட நல்ல மதிப்பெண் வந்திருந்தது. மேலே இருந்து எண்ணினால் முன்வரிசையில் இருந்தாள். வாழ்த்தினேன். அவள் முகத்தில் அதற்கான வெளிச்சம் இல்லை.

"உங்ககிட்ட என்னக்கா அவ்வளவு நேரம் கேட்டாங்க?" என்றாள்.

சொன்னேன். பந்தி, இலை, பென்சில் கோடு, எல்லாம். அவள் கேட்டுக்கொண்டே என் கையிலிருந்த ஆய்வேட்டை வாங்கி ஓரக் குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு குறிப்பின் மேலும் விரலை வைத்து வைத்துப் பார்த்தாள்.

"என்கிட்ட ஊரு எதுன்னு கேட்டாரு. ஜீயபுரம்னு சொன்னேன். அங்க காவிரியில தண்ணி வருதான்னு கேட்டாரு. அவ்வளவுதான்க்கா."

"நல்லதுதானே, தப்பிச்ச" என்றேன். சொன்ன மறுகணம் அது எவ்வளவு அசட்டுப் பேச்சு என்று தெரிந்தது.

அவள் தன் பையிலிருந்து தன்னுடையதை எடுத்தாள். பொன் எழுத்தில் தலைப்பு, அட்டை பளபளத்தது. வைவாவுக்கு முன்னால் ஒரு வாரம், காலையில் கடைக்குப் போகிற பஸ்ஸில் உட்கார்ந்து அதை முழுக்கப் படித்தாளாம். வைவாவில் கேட்பார்கள், மாட்டிக்கொள்ளக் கூடாது என்று. படிக்கப் படிக்க அதில் தப்பு தப்பாக இருந்ததாம். முதலில் பயந்தாள். பிறகு வீட்டில் கேட்டு, தோட்டத்தில் கேட்டு, சரியான சொல்லையெல்லாம் கண்டுபிடித்து மனதில் வைத்துக்கொண்டாள். ஒரு பக்கத்தைத் திறந்து எனக்குக் காட்டினாள்.

"பாருங்கக்கா. தாரை வெட்டினதுக்கப்புறம் அதே மரம் அடுத்த வருஷமும் காய்க்கும்னு எழுதியிருக்கு."

நான் படித்தேன். அப்படித்தான் இருந்தது. ஒரு தார் தள்ளினதும் முடிந்துபோகிற வாழை மறுபடி காய்க்கும் என்று, அழகான தமிழில், பிழையில்லாத வாக்கியத்தில். காவிரிக் கரையில் இருக்கிற ஒரு கல்லூரியில், நெறியாளர், துறைத்தலைவர், வெளித் தேர்வாளர் எல்லாரும் கையெழுத்துப் போட்ட ஆய்வேட்டில்.

"கேட்டா இது தப்புன்னு நானே சொல்லலாம்னு இருந்தேன்" என்றாள் அவள். "எங்க ஊர்ல எப்படிச் சொல்லுவோம், கன்னு எப்ப விடுவோம், எல்லாம் சொல்லலாம்னு இருந்தேன். மார்க்கு கொறஞ்சாலும் பரவாயில்லன்னு நெனச்சுட்டுத்தான் உள்ள போனேன்."

நூலக அலுவலர் வந்து, பைண்டிங் செய்த பிரதிகளை வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தார். அவளுடையதையும் கேட்டார். அவள் என்னை ஒரு முறை பார்த்தாள். பிறகு கொடுத்துவிட்டாள். அடுத்த வருஷத்துப் பிள்ளைகள் வாழையைப் பற்றி எழுத வேண்டுமென்றால் அதைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள்.